அறுந்த காயிலைக் கழற்றி எறியும் முன்: ஒரு 36 கிலோவாட் உலையின் பழுதுபார்ப்பு

கோயம்புத்தூரில் பம்ப் ஷாஃப்ட்டுகளுக்கும் கியர்களுக்கும் ஹீட் ட்ரீட்மெண்ட் செய்யும் பட்டறை ஒன்றில் இருக்கும் பெட்டி உலை இது. 36 கிலோவாட், மூன்று ஃபேஸ், ஸ்டார் இணைப்பு (மூன்று ஃபேஸ்களின் மறுமுனைகளும் ஒரே மையத்தில் சேரும்), அதிகபட்சம் 1000 டிகிரி. உள்ளே சூடு தரும் கம்பிச் சுருள்கள், அதாவது காயில்கள், பன்னிரண்டு. இரண்டு பக்கச் சுவர்களிலும் செராமிக் குழாய்களின் மேல் நான்கு நான்காக எட்டு. தரையில், உருப்படிகளைத் தாங்கும் ஹார்த் பிளேட்டுக்கு அடியில், செங்கல் பள்ளங்களில் நான்கு. இடச் சுவர் ஒரு ஃபேஸ், வலச் சுவர் ஒரு ஃபேஸ், தரை ஒரு ஃபேஸ். ஒவ்வொரு ஃபேஸிலும் நான்கு காயில்கள் சீரிஸில் இருக்கின்றன.

உலையை ஓட்டும் தம்பி சொன்னது இதுதான்: "850 வைத்தால் மத்தியானம் வரைக்கும் 700-ஐத் தாண்ட மாட்டேன் என்கிறது அண்ணா. சூட்டை அளக்கும் தெர்மோகப்பிளை மாற்றிவிட்டோம், கண்ட்ரோலரையும் மாற்றிப் பார்த்துவிட்டோம்."

சூடு ஏறவில்லை என்றால் எல்லோரும் முதலில் கண்ட்ரோலர் மேல்தான் கை வைக்கிறார்கள், கண்ணுக்குத் தெரிவது அதுதான் என்பதால். எனக்கு முதல் வேலை, கேபிளைச் சுற்றி மாட்டினாலே ஆம்பியரைக் காட்டும் கிளாம்ப் மீட்டர். உலை ஓடிக்கொண்டிருக்கும்போதே பேனலில் மூன்று கேபிள்களிலும் மாட்டிப் பார்த்தேன். ஆர் ஃபேஸில் 43 ஆம்பியர், ஒய் ஃபேஸில் 43, பி ஃபேஸில் பூஜ்யம். பி ஃபேஸ் என்பது தரைக் காயில்கள்.

இந்த 43 என்ற எண்ணிலேயே பாதி விஷயம் அடங்கியிருக்கிறது. உலை சரியாக இருந்தால் ஒரு ஃபேஸுக்கு 12 கிலோவாட், 240 வோல்ட், 50 ஆம்பியர். அதாவது சூட்டில் 4.8 ஓம். நியூட்ரல் இல்லாத ஸ்டாரில் ஒரு ஃபேஸ் அறுந்தால், மீதி இரண்டும் சீரிஸாகி 415 வோல்ட்டைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. 415-ஐ 9.6 ஓமால் வகுத்தால் 43 ஆம்பியர். ஒவ்வொரு ஃபேஸுக்கும் 207 வோல்ட்தான் கிடைக்கும். மொத்த பவர் 18 கிலோவாட், சரிபாதி. போனது மூன்றில் ஒரு பங்குதானே என்று நினைக்கத் தோன்றும். உண்மையில் போனது பாதி. ஸ்டார் மையத்தில் நியூட்ரல் இணைத்திருந்தாலோ, டெல்டா (முக்கோண) இணைப்பாக இருந்தாலோதான் மூன்றில் ஒரு பங்கு போகும். ஆகவே மீட்டரை மாட்டும் முன்பே உங்கள் உலை எந்த இணைப்பில் இருக்கிறது, சரியாக இருக்கும்போது எத்தனை ஆம்பியர் வர வேண்டும் என்பதைப் பேனல் கதவின் உட்புறம் எழுதி ஒட்டி வையுங்கள்.

திறப்பதற்கு முன் மின்சாரத்தைத் துண்டிப்பது பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். கண்ட்ரோலரை அணைத்தால் போதும் என்று பலர் உள்ளே கையை விடுகிறார்கள். இரண்டு ஃபேஸ்களில் மட்டும் தைரிஸ்டர் (எலக்ட்ரானிக் ஸ்விட்ச்) வைத்து மூன்றாவதை நேரடியாக விட்டிருக்கும் பேனல்கள் நிறைய உண்டு. அவற்றில் கண்ட்ரோலர் அணைந்திருந்தாலும் அந்த மூன்றாவது ஃபேஸ் வழியாக எல்லாக் காயில்களிலும் எர்த்தைப் பொறுத்து 240 வோல்ட் நின்றுகொண்டிருக்கும். மெயின் ஐசொலேட்டரை இறக்கி, ஃபியூஸ்களைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, பூட்டுப் போட்டு, பிறகு காயில் டெர்மினலிலேயே மூன்று ஃபேஸையும் மீட்டர் வைத்துப் பார்த்த பின்தான் நான் ஸ்பேனரை எடுக்கிறேன். யார் அவசரப்படுத்தினாலும் இதில் விட்டுக்கொடுப்பதில்லை.

பின்பக்கக் கவரைக் கழற்றி, ஸ்டார் மையப் பட்டையை விடுவித்து, ஒவ்வொரு காயிலையும் தனித்தனியாக அளந்தேன். பி ஃபேஸின் மூன்றாவது காயில் அறுந்து கிடந்தது. மற்றவற்றின் ரெசிஸ்டன்ஸ் ஒரு ஓமுக்குச் சற்று மேல். இவ்வளவு சிறிய அளவை சாதாரண மல்டிமீட்டரில் நம்ப முடியாது; அதன் ஒயர்களே 0.2, 0.3 ஓம் காட்டும். இதற்கு நான் 12 வோல்ட் கார் பேட்டரியைப் பயன்படுத்துகிறேன். பேட்டரியைக் காயிலோடு இணைத்து, டிசி கிளாம்ப் மீட்டரில் ஆம்பியரைப் பார்க்க வேண்டும். அதே நேரத்தில் காயிலின் இரு முனைகளிலேயே மல்டிமீட்டர் முள்ளை வைத்து வோல்ட்டைப் பார்க்க வேண்டும். வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் காயிலின் ஓம் மட்டும் வரும். ஒயர், கிளிப் எதுவும் கணக்கில் சேராது. 11.8 வோல்ட், 10 ஆம்பியர் என்றால் 1.18 ஓம். பக்கச் சுவர்களின் எட்டுக் காயில்களும் இந்த அளவை ஒட்டியே இருந்தன. புதிதாக இருந்தபோது அவை 1.15 இருந்திருக்க வேண்டும். இந்த வயதில் இந்த ஏற்றம் கவலைக்குரியது அல்ல. அவற்றைத் தொட வேண்டாம் என்று அப்போதே முடிவு செய்தேன்.

தொட வேண்டாம் என்றதற்கு வேறு காரணமும் உண்டு. ஒரு காந்தத்தைக் காயில் முனையருகே கொண்டுபோனேன், ஒட்டிக்கொண்டது. இரும்பு, குரோமியம், அலுமினியம் சேர்ந்த காந்தால் வகைக் கம்பி அது. நிக்கலும் குரோமியமும் சேர்ந்த நிக்ரோம் கம்பியில் காந்தம் ஒட்டாது. உலைக்குள் என்ன கம்பி இருக்கிறது என்று யாருக்கும் தெரியாதபோது இதைவிட விரைவான சோதனை இல்லை. காந்தால் வகைக் கம்பி ஒருமுறை 1000 டிகிரி பார்த்துவிட்டால் அதன் உள்ளே இருக்கும் நுண்மணிகள் (உலோகப் படிகங்கள்) வளர்ந்து, ஆறிய பிறகு நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். பழைய தரைக் காயிலைப் பள்ளத்திலிருந்து எடுக்கும்போது காய்ந்த முருங்கைக் கிளைபோல் பட்டென்று முறிந்தது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் சுவர்க் காயிலைச் சுத்தம் செய்கிறேன் என்று நிமிர்த்தினால் அதுவும் இப்படித்தான் போகும். அசைத்தே ஆக வேண்டும் என்றால் காயிலைச் செஞ்சூட்டுக்குக் கொண்டுவந்து, மின்சாரத்தைத் துண்டித்து, சூடு ஆறும் முன் அசைக்க வேண்டும்.

இப்போது அறுந்த இடம். இதைப் பார்க்காமல் புதுக் காயில் போடுவதை நான் ஒப்புக்கொள்வதே இல்லை. முனை உருண்டு மணிபோல் இருந்தால் அந்த இடம் உருகும் அளவுக்குச் சூடாகியிருக்கிறது. சுற்றுகள் நெருங்கிக் கிடந்திருக்கலாம், மேலே ஏதாவது மூடியிருக்கலாம். கம்பி மெலிந்து கழுத்துப்போல் ஆகியிருந்தால் அந்த இடம் நெடுநாளாகவே அதிகச் சூட்டில் ஓடியிருக்கிறது. முறிவு பளிச்சென்று, மணிமணியாக, சுத்தமாக இருந்தால் யாரோ இடித்திருக்கிறார்கள் அல்லது காயில் விரிய இடமில்லாமல் இழுத்திருக்கிறது. இங்கே இருந்தது வேறு. அறுந்த இடத்தைச் சுற்றி ஒரு சாண் நீளத்துக்குக் கம்பியின் மேல் சாம்பலும் பச்சையும் கலந்த கண்ணாடி போன்ற பூச்சு. அது செங்கல்லோடு ஒட்டிக் கிடந்தது. உளியால் தட்டினால் கண்ணாடிச் சில்லுகளாகவே உதிர்ந்தது. அதன் அடியில் கம்பி அரிக்கப்பட்டு, நான்கு மில்லிமீட்டர் இரண்டுக்கும் கீழே போயிருந்தது. அறுபடாத மற்ற மூன்று தரைக் காயில்களிலும் அங்கங்கே அதே பளபளப்பு.

இந்தக் கம்பி இத்தனை சூட்டில் பிழைத்திருப்பதே அதன் மேல் தானாகப் படரும் அலுமினியம் ஆக்ஸைடு தோலால்தான். அந்தத் தோலை எது கரைக்கிறதோ அது கம்பியைக் கொல்லும். தம்பியிடம் கேட்டேன், "இந்தப் பள்ளத்தை யாராவது பூசினார்களா?" சில மாதங்களுக்கு முன் ஷாஃப்ட் ஒன்று விழுந்து செங்கல் விளிம்பு உடைந்ததாகவும், தீக்களிமண்ணில் சோடியம் சிலிகேட்டைக் கலந்து பூசியதாகவும் சொன்னார். கோயம்புத்தூரில் ஃபவுண்டரிக்குப் பஞ்சமில்லை. கார்பன் டை ஆக்ஸைடு செலுத்தி இறுக்கும் மணல் அச்சுகளுக்கு சோடியம் சிலிகேட்தான் பசை; ஆகவே அது எந்தப் பட்டறை மூலையிலும் ஒரு டிரம் இருக்கும். அடுப்புக்குப் பூச அது நன்றாகவே பிடிக்கும். ஆனால் காந்தால் கம்பி தொடும் இடத்தில் அது இருக்கக் கூடாது. சூட்டில் அதன் சோடியம் அந்த ஆக்ஸைடு தோலைக் கரைத்துக் கண்ணாடியாக்கிவிடும். கூடவே ஃபோர்ஜிங் உருப்படிகளிலிருந்து உதிர்ந்த இரும்புச் செதில்களும் ஹார்த் பிளேட் இடுக்கு வழியே இறங்கிப் பள்ளத்தில் குவிந்திருந்தன. அவையும் அதே தோலுக்கு எதிரிதான்.

அறுந்த இடத்தை மட்டும் வெல்டு செய்து இன்றிரவே ஓட்டிவிட முடியாதா என்று பட்டறை முதலாளி கேட்டார். நொறுங்கும் நிலைக்கு வந்த பழைய கம்பியில் வைக்கும் வெல்டு அதன் பக்கத்திலேயே முறியும். அதுவும் மற்ற மூன்று காயில்களும் அரிக்கப்பட்டிருக்கும்போது அந்தச் செலவு வீண். தரைக் காயில் நான்கையும் மாற்றுவது, பூச்சு முழுவதையும் அகற்றுவது என்று சொன்னேன். அவரும் ஒப்புக்கொண்டார்.

கம்பி வாங்கும் இடத்தில் நிக்ரோம் போடுங்கள், முறியாது என்று ஒருவர் சொன்னார். முறியாது என்பது உண்மைதான். நிக்ரோம் எண்பது பங்கு நிக்கல், இருபது பங்கு குரோமியம். ஆல்பர்ட் மார்ஷ் 1906-இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற கலவை. பயன்படுத்திய பிறகும் வளைந்து கொடுக்கும், சூட்டில் தொய்வும் குறைவு. ஆனால் கணக்குப் போட்டால் வேறு படம் வருகிறது. நான்கு மில்லிமீட்டர் காந்தால் ஏ-1 கம்பி மீட்டருக்கு 0.115 ஓம், ஒரு ஃபேஸுக்கு நாற்பது மீட்டர், சுமார் 3.6 கிலோ. அதே தடிமன் நிக்ரோமில் 53 மீட்டர் வேண்டும், எடை 5.5 கிலோ, நிக்கல் விலையும் சேரும். நம் பள்ளத்தில் அவ்வளவு நீளம் அடங்கவும் அடங்காது. அதைவிட முக்கியம்: உருப்படிகள் கட்டிங் ஆயில் சொட்டச் சொட்ட உள்ளே போகும் பட்டறையில் கந்தகப் புகை வரும், நிக்கல் கலவைகளைக் கந்தகம் விடாது. ஸ்வீடனின் ஹால்ஸ்டாஹம்மாரில் ஹான்ஸ் வான் கான்ட்சோவ் உருவாக்கிய இந்த இரும்புக் கலவை அதைக் கூடுதலாகத் தாங்கும். காந்தாலே போடுவதென்று முடிவாயிற்று.

காயில் சுற்றுவது லேத்தில். ஒரு காயிலுக்குப் பத்து மீட்டர், டெர்மினலுக்கு இரு முனையிலும் கொஞ்சம் கூடுதல். கம்பி சுற்றிய பிறகு சற்று விரியும் என்பதால் 32 மில்லிமீட்டர் உள்விட்டம் கிடைக்க 30 மில்லிமீட்டர் ராடின் மேல் சுற்றினேன். லேத் மிக மெதுவாக ஓட வேண்டும். கம்பியை மரக்கட்டைத் துளை வழியே இழுவையோடு விட வேண்டும். கடைசி முனை துள்ளும்போது முகத்தில் அடிக்கும், ஆகவே கண்ணாடியும் தடித்த கையுறையும் இல்லாமல் யாரும் அருகில் நிற்கக் கூடாது. நெருக்கமாகச் சுற்றியபோது 88 சுற்று, ஏறக்குறைய 350 மில்லிமீட்டர் நீளம். அதை 900 மில்லிமீட்டருக்கு இழுக்க வேண்டும்.

இந்த இழுப்பில்தான் காயிலின் ஆயுள் இருக்கிறது. ஒரு முனையை வைஸில் பிடித்து மறுமுனையை ஒரே மூச்சில் இழுத்தால் நடுவில் நெருக்கமும் ஓரத்தில் விரிவுமாக வரும். நெருங்கிய சுற்றுகள் ஒன்றின் சூட்டை ஒன்று வாங்கிக்கொண்டு மற்றவற்றைவிட அதிகம் சிவக்கும். அங்கேதான் முதலில் போகும். நான் தேவைக்கு மேல் சற்றே இழுத்து, விட்டு, ஆறு மில்லிமீட்டர் மரச் சில்லு ஒன்றைச் சுற்றுக்குச் சுற்று நுழைத்துப் பார்த்து, நெருங்கிய இடங்களைக் கையால் பிரித்துச் சரி செய்தேன். பொறுமை பிடிக்கிற வேலை, ஆனால் இதைக் குறுக்க வழியில்லை. பிறகு பேட்டரி வைத்து நான்கையும் அளந்தேன். நான்கும் 1.15 ஓமை ஒட்டி ஒன்றுக்கொன்று பொருந்தின.

டெர்மினலுக்குக் கம்பியையே வெளியே கொண்டுவந்தால் சுவருக்குள் அது வெந்துவிடும். அங்கே காற்றும் இல்லை, சூட்டைக் கடத்த வழியும் இல்லை. அதனால் வெளியே வரும் பகுதியின் குறுக்கு வெட்டு, காயில் கம்பியைப்போல் மூன்று மடங்காவது இருக்க வேண்டும். அதே ரகத்தில் 10 மில்லிமீட்டர் ராடை எடுத்து, முனையில் துளையிட்டு, கம்பியை நுழைத்து ஆர்கான் வெல்டு வைத்தோம். வெல்டு வைத்த இடத்துக்குப் பக்கத்தில் பிறகு வளைக்கக் கூடாது. வளைவுகள் எல்லாவற்றையும் வெல்டுக்கு முன்பே, கேஸ் டார்ச்சில் சூடாக்கி முடித்துவிட வேண்டும்.

பள்ளத்தின் பழைய பூச்சை உளியால் முழுவதும் எடுத்தோம். கண்ணாடி ஊறிய செங்கற்களையும் விடவில்லை. புதிதாக வைத்தவை 45 சதவீதத்துக்கு மேல் அலுமினா உள்ள, இரும்பு குறைந்த செங்கற்கள். பூச்சும் சிலிகேட் பசை கலக்காத அலுமினா மார்ட்டர். செராமிக் ஃபைபரைக் கையாளும்போது மாஸ்க் கட்டாயம். அந்தத் தூசி நுரையீரலுக்கு நல்லதல்ல. டெர்மினல் ராடைச் சுற்றி ஃபைபரைத் திணித்து இறுக்காமல் தளர்வாக வைத்தோம். 900 மில்லிமீட்டர் காயில் 1000 டிகிரியில் பதின்மூன்று மில்லிமீட்டர் நீளும். அது நகர இடம் வேண்டும்.

கவர் திறந்திருக்கும்போதே எல்லா டெர்மினல்களையும் பார்த்ததில் ஒய் ஃபேஸில் ஒரு லக் (கேபிள் முனையில் மாட்டும் உலோகக் கண்ணி) கறுத்து, ஸ்பிரிங் வாஷர் தட்டையாகிக் கிடந்தது. கேபிள் உறை ஒரு விரல் நீளத்துக்குக் கருகியிருந்தது. 50 ஆம்பியர் ஓடும் இணைப்பில் 0.05 ஓம் கூடிவிட்டால் அந்த ஒரு நட்டிலேயே 125 வாட் சூடு பிறக்கிறது. அடுத்து நிற்கப் போவது இந்த ஃபேஸ்தான். லக்கை வெட்டி எறிந்து, நல்ல செம்பு தெரியும் வரை கேபிளை வெட்டி, கண்ணாடி இழை உறை போட்ட கேபிளும் இரட்டை நட்டும் போட்டோம்.

மின்சாரம் கொடுக்கும் முன் கண்ட்ரோலரைப் பிரித்துவிட்டு, மின்கசிவைச் சோதிக்கும் 500 வோல்ட் மெக்கர் வைத்தேன். 0.3 மெகாஓம்தான் காட்டியது. மார்ட்டரின் ஈரம். 120 டிகிரியில் வெகுநேரம் வைத்து, கதவைச் சற்றுத் திறந்து ஆவியை விட்டு, பிறகு 250, பிறகு 600 என்று படிப்படியாக ஏற்றினோம். ஆறிய பின் மெக்கர் பல மெகாஓம் காட்டியது. அடுத்து, உலையில் எதையும் ஏற்றாமல், காற்று உள்ளே போகும்படி விட்டு, 1000 டிகிரியில் ஏழெட்டு மணி நேரம் வைத்தோம். இதைத் தவறவிடக் கூடாது. எண்ணெய்ப் புகைக்குமுன் கம்பிக்கு அந்த ஆக்ஸைடு தோல் முழுதாக வந்துவிட வேண்டும். ஆறியபின் பார்த்தால் பளபளப்பு போய்க் கம்பி முழுவதும் வெளிர் சாம்பல் நிறத்தில் ஒரே சீராக இருந்தது. நான் எதிர்பார்த்ததும் அந்த நிறத்தைத்தான்.

லைனில் 410 வோல்ட் இருந்தபோது ஆம்பியர் மூன்று ஃபேஸிலும் 48-க்கும் 49-க்கும் இடையில். 850-ஐ முன்புபோலவே முற்பகலுக்குள் தொட்டுவிட்டது. முதல் சூட்டுக்குப் பிறகு ஆறவிட்டு எல்லா நட்டுகளையும் மறுபடி இறுக்கினேன். ஏறக்குறைய எல்லாமே கால் சுற்று வாங்கின.

பட்டறையில் விட்டு வந்த பதிவேட்டில் மாதம் ஒருமுறை ஆம்பியரோடு வோல்ட்டையும் எழுதச் சொல்லியிருக்கிறேன். ஆம்பியரை மட்டும் எழுதினால் பயனில்லை. லைன் வோல்ட் 380-க்கு இறங்கினாலே 36 கிலோவாட் உலை 30 கிலோவாட் ஆகிவிடும். காயில் கெட்டுவிட்டது என்று தவறாக நினைக்க நேரும். இரண்டையும் எழுதி வகுத்தால் ஓம் தெரியும், ஓம்தான் காயிலின் உடல்நிலை. ஹார்த் பிளேட்டைத் தூக்கி இரும்புச் செதிலை வாக்குவம் கிளீனரால் உறிஞ்சுவதும் அதே நாளில் நடக்க வேண்டும். கம்பிமேல் பிரஷ் படக் கூடாது.

அதே பட்டறையில் எண்ணெயில் குவெஞ்ச் செய்த (சூட்டோடு முக்கிக் குளிர்வித்த) உருப்படிகளைக் கழுவும் தொட்டியையும் பார்த்துவிட்டு வந்தேன். அதில் இருப்பது குழாய் வடிவ இம்மர்ஷன் ஹீட்டர். சிறுவாணித் தண்ணீராக இருந்தால் கவலையில்லை. இங்கே போர்வெல் தண்ணீர். ஹீட்டர் மேல் சுண்ணாம்பு ஓடு கட்டியிருந்தது. ஓடு தடிக்கத் தடிக்க உள் கம்பியின் சூடு தண்ணீருக்குப் போகாமல் உள்ளேயே ஏறும். ஸ்டெயின்லெஸ் உறை என்பதால் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைத் தொட விடவில்லை. குளோரைடு அதில் ஊசித்துளை போடும். சிட்ரிக் அமிலக் கரைசலில் ஊறவைத்து எடுத்தோம். கழற்றி வைத்திருந்த இன்னொரு ஹீட்டரை மெக்கரில் பார்த்தால் அரை மெகாஓம்கூட இல்லை. தூக்கி எறிய எடுத்து வைத்திருந்தார்கள். உள்ளே இருக்கும் மெக்னீசியம் ஆக்ஸைடு காற்றின் ஈரத்தை உறிஞ்சும் பொருள். டெம்பரிங் உலையில் 130 டிகிரியில் ஒரு ராத்திரி முழுவதும் வைத்தார்கள். காலையில் அளந்தபோது இருபது மெகாஓமுக்கு மேல். முனைகளை சிலிகான் சீலண்ட்டால் மூடிக் கையிருப்பில் வைத்தாயிற்று.

உலைப் பேனலில் இரண்டு வேலைகள் பாக்கி. இப்போது காண்டாக்டர் என்ற மின்காந்த ஸ்விட்ச்தான் விட்டு விட்டு மின்சாரம் கொடுக்கிறது. ஒவ்வொரு முறையும் கம்பி ஏறி இறங்கும் சூட்டில் அந்த ஆக்ஸைடு தோல் விரிந்து சுருங்கி விரிசல் விடுகிறது. வோல்ட் பூஜ்யத்தைக் கடக்கும் கணத்தில் ஆன் ஆகும் ஜீரோ கிராஸிங் தைரிஸ்டர் போட்டால் அந்த ஏற்ற இறக்கம் அடங்கும். ஆனால் தைரிஸ்டர் கெட்டால் பெரும்பாலும் ஷார்ட் ஆகித்தான் கெடும், உலை நிற்காமல் ஏறிக்கொண்டே போகும். ஆகவே தனித் தெர்மோகப்பிளோடு, மெயின் காண்டாக்டரையே விடுவிக்கும் ஓவர் டெம்பரேச்சர் கண்ட்ரோலர் ஒன்றும் சேர்ந்தே வர வேண்டும். ஒன்றை விட்டு மற்றொன்றைப் போட வேண்டாம் என்று முதலாளியிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். சிலிகேட் டிரம் இப்போது ஃபவுண்டரிப் பக்கம் போய்விட்டது.